பெற்றோல் தாங்கிப் பக்கம் சத்தம் கேட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

[காட்சி: கல்லடியில் ஒரு வீட்டு முற்றம். நிறுத்தப்பட்ட காரின் பின் கதவு திறந்திருக்கிறது. பின் ஆசனத்தின் அடிமெத்தை கழற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.]

வணக்கம். காரின் பின் ஆசனத்துக்குக் கீழிருந்து, நேற்று வரை இல்லாத ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால், நம்மில் பலருடைய நினைவு நேரே பெற்றோல் தாங்கிக்குத்தான் போகிறது. தாங்கி என்றவுடன் பயம் வருகிறது. அந்தப் பயத்தோடு கராஜுக்குப் போய், "தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்பை மாற்றிவிடுங்கள்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். ஆரையம்பதியில் இருக்கும் எங்கள் மாமா ஒருவர் அப்படித்தான் புதிய பம்ப் போட்டார். காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பழைய சத்தம் பழைய இடத்திலிருந்து கேட்டது. பிறகு காரை உயர்த்திப் பார்த்தபோது, சைலன்சர் குழாய்க்கும் தாங்கிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வெப்பத் தடுப்புத் தகட்டின் ஒரு மூலை துருப்பிடித்து, போல்ட்டை விட்டு விலகி அதிர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஒரு கிளிப்புடன் முடிந்திருக்கவேண்டிய வேலைக்கு அவர் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்திருந்தார். ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு காதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இந்த வீடியோவில் பொறுமையாகப் பார்க்கப்போகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்பு மூக்கைப் பயன்படுத்துங்கள். காருக்குள்ளோ, பின் சக்கரத்தின் அருகிலோ பெற்றோல் மணம் வருமானால், அல்லது கார் நின்ற இடத்தில் தரை நனைந்திருக்குமானால், சத்தத்தை ஆராய்வதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பெற்றோல் உறைபனியிலும் ஆவியாகக்கூடிய திரவம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், அது மேலே கலைந்துபோகாமல் காரின் அடியிலும் கராஜின் குழியிலும் தேங்கி நிற்கும். அப்படிப்பட்ட நிலையில் காரை ஸ்டார்ட் செய்யாமல், தள்ளித் திறந்த வெளியில் விட்டு, மெக்கானிக்கை அங்கே வரவழைப்பதே சரியானது.

மணம் எதுவும் இல்லையென்றால், அடுத்த கேள்வி உங்கள் காரில் தாங்கி எங்கே இருக்கிறது என்பது. பெரும்பாலான சிறிய கார்களில் அது பின் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. ஆனால் நம் வீதிகளில் நிறையவே ஓடும் ஹொண்டா பிட், வெசல் ஆகிய கார்களில் தாங்கி முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அந்தக் கார்களில் பின்னாலிருந்து வரும் சத்தத்துக்குத் தாங்கியைக் குறைசொல்ல முடியாது.

[காட்சி: ஓட்டுநர் ஆசனத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் டாஷ்போர்டு. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளும் வேகத்தைக் காட்டும் முள்ளும் பெரிதாகக் காட்டப்படுகின்றன.]

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, அது எதனோடு சேர்ந்து கூடுகிறது, எதனோடு சேர்ந்து குறைகிறது என்பதே நமக்கு அதிகம் சொல்லும். காரை நிறுத்தி, கியரைப் பார்க்கிங்கில் அல்லது நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக 2,000 சுற்று வரை உயர்த்துங்கள். ஓடாமல் நிற்கும்போதே சத்தம் வந்து, எஞ்சின் சுற்றோடு அது மாறினால், பெரும்பாலும் சைலன்சர் குழாயோ அதைச் சுற்றியுள்ள தகடுகளோதான் காரணம். நிற்கும்போது அறவே இல்லாமல், ஓடும்போது வேகத்தோடு கூடிக்கொண்டே போனால், சக்கர பேரிங்கையும் ரயரையும் பாருங்கள். பள்ளத்திலும் மேட்டிலும் மட்டும் தட்டினால், எங்கோ ஒரு பிடி தளர்ந்திருக்கிறது. எஞ்சின் சுற்றையும் பொருட்படுத்தாமல், வேகத்தையும் பொருட்படுத்தாமல், சாவியைத் திருப்பியதிலிருந்து ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தால்தான் பம்பைச் சந்தேகிக்கவேண்டும். ஒரு நாள் முழுவதும் இதை மட்டும் கவனித்துக் குறித்துக்கொண்டு போகும் ஒருவருக்கு, கராஜில் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

இப்போது பம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இன்றைய பெற்றோல் கார்களில் பம்ப் தாங்கிக்கு உள்ளேயே, பெற்றோலில் மூழ்கியபடி இருக்கிறது. சாவியை ஒன் நிலைக்குத் திருப்பியதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்பே, ஏறத்தாழ இரண்டு விநாடிகளுக்கு ஒரு மெல்லிய 'ம்ம்ம்' கேட்டு நின்றுவிடும் கார்கள் பல. குழாய்களில் அழுத்தத்தை ஏற்றும் சத்தம் அது, பழுது அல்ல. உண்மையில் அந்தச் சத்தம் கேட்டுப் பழகிய காரில் அது கேட்காமல் போவதுதான் கவலைக்குரியது. பம்பின் மோட்டாரைக் குளிரவைப்பதும், அதன் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்புக் கொடுப்பதும் அதைச் சுற்றியும் அதன் ஊடாகவும் ஓடும் பெற்றோல்தான். அதோடு அந்தப் பெற்றோலே சத்தத்தையும் அமுக்கி வைக்கிறது. எனவே தாங்கியில் மட்டம் குறையக் குறைய ரீங்காரம் தெளிவாகக் கேட்பது இயல்பு. 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் குறியீட்டைக் காட்டி ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றுக்கொண்ட நாட்களில், தாங்கியின் அடிமட்டத்திலேயே காரை ஓட்டுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த நெருக்கடி தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை வைத்திருப்பவர்கள், குறைந்தது கால் தாங்கியாவது எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. தாங்கியை நிரப்பிவிட்டுக் கேளுங்கள். ரீங்காரம் நன்றாகத் தணிந்து, மட்டம் இறங்கும்போது மட்டும் திரும்பினால், பம்ப் இன்னும் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. நிரம்பிய தாங்கியிலும் அது கூர்மையாகச் சிணுங்கினால், கூடவே காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதித்தால், அல்லது செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போய் மலை ஏறத் தொடங்கும்போது அழுத்திய அளவுக்கு இழுக்காமல் திணறினால், அப்போது பெற்றோல் அழுத்தத்தை மானியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் அது 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. அளவை ஒட்டி இருக்கும். உங்கள் காருக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். அழுத்தம் குறைந்தாலும் உடனே பம்பைக் கைவிடவேண்டியதில்லை. பம்பின் வாயில் இருக்கும் வலைச் சல்லடையில் அழுக்கு அடைத்தாலும் அது இப்படித்தான் மூச்சு முட்டிக் கத்தும். பம்புக்குப் போகும் வயரின் இணைப்பில் பச்சை படிந்திருந்தால் அதற்குக் கிடைக்கும் மின்சாரம் குறைந்துவிடும். கடற்காற்று நாள் முழுவதும் வீசும் நம் கரையோரத்தில் இது அரிதான பழுது அல்ல. இந்த இரண்டையும் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் புதிய பம்புக்குப் பணம் கொடுக்கவேண்டும்.

[காட்சி: கார் உயர்த்தியில் நிற்கிறது. சைலன்சர் குழாய்க்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள தகட்டைக் கையுறை அணிந்த கை ஒன்று மெதுவாகத் தட்டுகிறது.]

மாமாவின் காரில் கேட்டது இந்தத் தகட்டின் சத்தம். ஒரு குறிப்பிட்ட எஞ்சின் சுற்றில் மட்டும் தகரம் துடிப்பதுபோல 'ஸ்ர்ர்ர்' என்று எழுந்து, அந்தச் சுற்றைத் தாண்டியதும் காணாமல் போய்விடும். சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு, கையால் தட்டினாலே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். துளை பெருத்துப் போன இடத்தில் ஓர் அகலமான வாஷர், அல்லது குழாயைச் சுற்றி ஒரு உலோகக் கிளிப், இவ்வளவே பரிகாரம். தகட்டைப் பிய்த்து எறிந்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இன்று பல கார்களின் பெற்றோல் தாங்கி பிளாஸ்டிக்கால் ஆனது. கொதிக்கும் குழாய்க்கும் அதற்கும் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு அந்தத் தகடுதான்.

அறுவடைக் காலத்தில் வேறொரு சத்தமும் இதே இடத்திலிருந்து வரும். அம்பாறைப் பக்கமோ, வவுணதீவுப் பக்கமோ, வீதியோரம் நெல்லும் வைக்கோலும் காயும் இடங்களைக் கடந்து வந்த பிறகு அடியில் ஏதோ உரசுவதுபோல் கேட்டால், அன்றே குனிந்து பாருங்கள். சூடான குழாயில் சுற்றிய வைக்கோல் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், இதை நாளைக்குத் தள்ளிப்போடக்கூடாது.

பள்ளத்தில் 'டொக்' என்று தட்டும் சத்தத்துக்கு, முதலில் டிக்கியை முழுவதும் காலிசெய்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஜக்கும் ஸ்பெயார் ரயரும் தளர்ந்து கிடந்து எழுப்பும் சத்தம் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. அது இல்லையென்றால் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள், பின் சொக் அப்சோபர், அதன் புஷ்கள் என்று பார்த்துக்கொண்டு வந்து, கடைசியாகத் தாங்கியைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டிகளுக்கு வரலாம். பட்டி துருவில் உரிந்திருந்தால் மாற்றவே வேண்டும். கம்பியால் இழுத்துக் கட்டுவது பரிகாரம் ஆகாது, ஏனென்றால் 35 லீற்றர் பெற்றோல் மட்டுமே 25 கிலோவுக்கு மேல் எடை உள்ளது.

பிறேக் பிடிக்கும்போது கேட்கும் 'சளக்' பெரும்பாலும் பெற்றோல் அலைந்து தாங்கியின் சுவரில் மோதும் சத்தம்தான். ஹைபிரிட் கார்களில், நிற்கும்போது எஞ்சினும் அணைந்துவிடுவதால், அது இன்னும் துல்லியமாகக் கேட்கும். விட்டுவிடலாம்.

ஹைபிரிட் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. டொயோட்டா அக்குவாவில் ஹைபிரிட் பற்றரியும் பெற்றோல் தாங்கியும் இரண்டுமே பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கின்றன. பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி வெயில் நேரத்தில் வேகமெடுத்துச் சுழலும்போது, அதைப் பம்பின் சத்தம் என்று எண்ணுவது எளிது. ஆசனத்தின் பக்கத்திலுள்ள காற்று வாயில் காதை வையுங்கள். சத்தம் அங்கிருந்து வந்தால், அந்த வாயைப் பையோ துணியோ மறைத்திருக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

[காட்சி: நீண்ட மரக்கட்டை ஒன்றின் ஒரு முனை காரின் அடித்தளத்தில் ஊன்றியிருக்கிறது, மறுமுனை காதின் அருகில்.]

இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க, நம் மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன்களைக் கேட்கப் போனவர்கள் செய்ததையே செய்யலாம். துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தார்கள் அல்லவா? கார் நிற்கும்போது, பின் ஆசன மெத்தையை எடுத்துவிட்டு, ஒரு மரக்கட்டையைத் தரையில் ஒவ்வோர் இடமாக ஊன்றிக் கேளுங்கள். காற்றில் பரவிக் குழம்பும் சத்தம், கட்டையின் வழியாக ஓர் இடத்தைச் சுட்டும். காரின் அடியில் போய்க் கேட்பதானால், ஜக்கை மட்டும் நம்பிப் போகவே வேண்டாம். உறுதியான தாங்கு கால்கள் வேண்டும். வயரில் இழுத்து வரும் குண்டு பல்பையும் அடியில் கொண்டுபோகாதீர்கள். அது விழுந்து உடைந்தால், அந்த ஒரு பொறி போதும்.

மிஞ்சுவது மூச்சு வாங்கும் சத்தங்கள். தாங்கியின் மூடியைத் திறக்கும்போது ஒரு சிறு 'உஸ்' கேட்பது பல கார்களில் இயல்பானது. நீண்ட நேரம் காற்றை உள்ளே இழுத்தாலோ, ஓடும்போது தாங்கி 'டப்' என்று அமுங்குவதுபோல் ஒலித்தாலோ, ஆவி போய்வரும் வழி அடைபட்டிருக்கலாம். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் சத்தம் நின்றால் அது உறுதியாகும். மார்கழி வெள்ளத்தில் ஓடிய காரானால், அந்த வழியில் சேறு புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோல் நிரப்பும்போது முதல் 'கிளிக்'குடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் திணித்தால், ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் திரவம் போய் அதைக் கெடுத்துவிடும்.

[காட்சி: பம்ப் மீண்டும் பூட்டப்படுகிறது. புதிய ரப்பர் வளையம் பெரிதாகக் காட்டப்படுகிறது.]

கடைசியில் பம்பைக் கழற்றவே நேர்ந்தால், தாங்கியில் பெற்றோல் குறைவாக இருக்கும் நாளைத் தெரிவுசெய்து, பற்றரி இணைப்பை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அந்த வேலையைச் செய்யவேண்டும். தாங்கியில் பம்ப் இறங்கும் வாயின் மூடிக்குரிய ரப்பர் வளையத்தைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பழையது ஊதிப்போய் மறுபடி சரியாக அமராது. அரைத் தாங்கியில் அந்த வளையத்தின் கசிவு தெரியாது. ஆகவே கராஜிலிருந்து நேரே போய் முழுத் தாங்கி நிரப்பி, வளைவுகள் உள்ள வீதியில் கொஞ்சத் தூரம் ஓட்டி வந்து, பின் ஆசன மெத்தையைத் தூக்கி ஒரு முறை முகர்ந்து பாருங்கள். மணம் இல்லையென்றால் மெத்தையைப் பூட்டலாம்.