அம்பலப்படுத்தியதே கேலிச்சித்திரம்!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, கோணேசர் மண்ணில் இவ்வளவு நேரமும் பொறுமையாக இருந்து கேட்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஏகாதிபத்தியக் காலத்துக் கேலிச்சித்திரங்கள் ஆதிக்கத்தை அம்பலப்படுத்தினவா, அலங்கரித்தனவா? இதுதான் இன்றைய கேள்வி. அலங்கரித்தன என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார். 1857ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்கள் எழுந்தபோது லண்டன் பஞ்ச் சஞ்சிகையில் ஜோன் டெனியல் வரைந்த படத்தை எடுத்து வைத்தார். வங்கப் புலி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் குழந்தையையும் வீழ்த்தி நிற்கிறது, பிரித்தானியச் சிங்கம் அதன்மேல் பாய்கிறது. பழிவாங்கு என்று ஊரையே உசுப்பிய படம். நான் அதை மறைக்கப் போவதில்லை. அரசுக்குக் கூலிவேலை செய்த தூரிகைகள் நிறையவே இருந்தன. ஆனால் கேள்வி, எத்தனை பேர் ஆதிக்கத்தின் பக்கம் நின்றார்கள் என்பதா? வரைந்த கோடு கடைசியில் யாரைக் காட்டிக்கொடுத்தது என்பதா?

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இந்தத் திருகோணமலைத் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்து அவர்களிடமிருந்து பறித்தார். பிறகு அது ஒல்லாந்தரிடம் திரும்பிப் போனது. 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். 1802இல், பிரான்ஸிலுள்ள அமியான் என்ற ஊரில் ஒரு உடன்படிக்கை எழுதி, இலங்கையின் கரையோரம் பிரித்தானியாவுக்கு என்று முடித்தார்கள். திருகோணமலையில் ஒரு மீனவரிடமாவது, ஒரு குருக்களிடமாவது யாரும் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அந்த உடன்படிக்கை கிழிந்து போர் மீண்டும் மூண்ட பிறகு, 1805இல், ஜேம்ஸ் கில்ரே லண்டனில் ஒரு படம் வரைந்தார். ஒரு மேசை. நடுவில் ஆவி பறக்கும் பெரிய புடிங். அந்தப் புடிங்தான் பூமி உருண்டை. ஒரு பக்கம் பிரித்தானியப் பிரதமர் பிட் கடலை வெட்டி எடுக்கிறார். மறுபக்கம் நெப்போலியன் ஐரோப்பாவை வாளால் அறுக்கிறார். உடன்படிக்கை எழுதியவர்கள் சமாதானம், உரிமை என்று என்னென்னவோ சொற்களால் மூடிவைத்ததை, ஒரு தட்டும் இரண்டு கத்தியும் திறந்து காட்டிவிட்டன. அந்தப் புடிங்கில் நம்முடைய துறைமுகமும் இருந்தது, சபையோரே!

இத்தனைக்கும் கில்ரே தன் நாட்டுப் பிரதமரை விட்டுவைக்கவில்லை. பிட்டும் அந்த மேசையில் வெட்டுகிறவர்தான். நெப்போலியன் அந்தக் காலத்துக்குச் சராசரி உயரமுள்ள மனிதர். ஆனாலும் உலகம் இன்றைக்கும் அவரைக் குள்ளன் என்றுதான் நினைக்கிறது. அந்த நினைப்பை விதைத்ததில் பெரிய பங்கு கில்ரேயின் படங்களுக்கு உண்டு. ஒரு சக்கரவர்த்தியின் படையால் அழிக்க முடியாத கோடு அது.

இந்தக் கலை நமக்கும் புதிதில்லை. நம் கோட்டை வாசல் கல்லில் சிதைந்து கிடக்கிற அந்தத் தீர்க்கதரிசனப் பாட்டு உங்களுக்குத் தெரியும். குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான், அதன்பின் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் ஆள்வார்கள் என்று அது சொல்கிறது. எந்தக் கண் எந்தத் தேசத்தான் என்று பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அது இருக்கட்டும். வந்தவனின் கொடியையும் பட்டத்தையும் விட்டுவிட்டு, கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறான் அந்தப் புலவன். கேலிச்சித்திரக்காரன் செய்வதும் அதே வேலைதானே?

சரி, எதிரணி பெரிதாகப் பிடித்துக்கொண்ட இன்னொரு படத்துக்கு வருகிறேன். 1899இல் அமெரிக்காவின் பக் சஞ்சிகையில் லூயிஸ் டால்ரிம்பிள் வரைந்தது. அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் பிரம்போடு வாத்தியாராக நிற்கிறார். ஸ்பெயினை வென்றும் வேறு வழியிலும் அப்போதுதான் அமெரிக்கா கைக்கொண்ட பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா நான்கும் முன்வாங்கில் முரட்டுப் பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கின்றன. ஆதிக்கத்துக்கு ஆதரவான படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வகுப்பறையை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கறுப்பினத்தவர் ஒருவர் ஏணியில் நின்று ஜன்னல் துடைக்கிறார். அவருக்கு வாங்கு இல்லை. செவ்விந்தியர் ஒருவர் தனியே ஒரு மூலையில், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி இருக்கிறார். சீனச் சிறுவன் வாசற்படியிலேயே நிற்கிறான். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ஆளப்படுகிறவர்களின் சம்மதம் கொள்கையளவில் நல்லது, நடைமுறையில் மிக அரிது. இங்கிலாந்து சம்மதம் கேட்டா குடியேற்றங்களை ஆண்டது, என்ற பொருளில் ஒரு வாசகம்.

நடுவர் ஐயா, இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் உண்டா? எந்த நாடாளுமன்ற உரையிலும் அவர்கள் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். படம் வரையும்போது கை உண்மையைச் சொல்லிவிடுகிறது. நாகரிகம் கற்றுத்தருகிறோம் என்று புகழ வந்த படம், அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு வாங்கு, யாருக்குத் துடைப்பம் என்பதை நூறாண்டு தாண்டியும் காட்டிக்கொண்டே இருக்கிறது.

பஞ்ச் சஞ்சிகையும் அப்படியே. 1892இல் லின்லி சாம்போர்ன் வரைந்த சிசில் ரோட்ஸ், ஆபிரிக்காவில் பிரித்தானிய ஆதிக்கத்தைப் பரப்பியவர், ஒரு காலை வடக்கே கெய்ரோவிலும் மற்றக் காலைத் தெற்கே கேப்பிலும் ஊன்றி நிற்கிறார். கையில் தந்திக் கம்பி. கீழே ஆபிரிக்கா முழுவதும் கிடக்கிறது, ஒரு ஆபிரிக்கர்கூட இல்லை! அன்று சிரித்தவர்கள் போய்விட்டார்கள். இன்று அந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரிவது பேராசை மட்டும்தான்.

அதே சாம்போர்ன் 1906இல் கொங்கோவை வரைந்தார். பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த நாடு அது. இறப்பர் போதாதென்று கைகளை வெட்டிய ஆட்சி. படத்தில் இறப்பர்ப் பாம்பு ஒரு மனிதனைச் சுற்றி இறுக்குகிறது. பாம்பின் தலை லியோபோல்டின் தலை. 1908இல் கொங்கோ அந்த மன்னர் கையைவிட்டுப் போனது. படம் தனியாகச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. பிரித்தானியத் தூதரக அதிகாரி கேஸ்மென்டின் அறிக்கை இருந்தது, பத்திரிகையாளர் மொரெலின் எழுத்து இருந்தது, மிஷனரிமார் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. அந்த அணியில் கேலிச்சித்திரமும் நின்றது. பிரித்தானியர் தம் களவை விட்டுப் பக்கத்து வீட்டுக் கள்வனை மட்டும்தான் காட்டினார்கள் என்று எதிரணி அக்கா சொன்னார். உண்மைதான், ஆனால் கை வெட்டப்பட்டவனுக்கு அதைச் சொன்னவன் எந்த வீட்டுக்காரன் என்பது பெரிய விடயமா?

அப்புறம், நம் ஆட்களே தூரிகையைக் கையில் எடுத்தபோது நடந்ததைப் பாருங்கள். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் பாரதி கேலிச்சித்திரங்களைப் போட்டார். தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்தது அந்தப் பத்திரிகை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் பார்த்ததும் பிடித்துக்கொள்வான் என்று பாரதி அறிந்திருந்தார். 1908இல் ராஜத்துரோகம் என்று வழக்குப் போட்டு, பத்திரிகையின் பதிவுபெற்ற வெளியீட்டாளரைச் சிறைக்கு அனுப்பினார்கள். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகை அங்கிருந்தும் வந்தது. பிரித்தானிய எல்லைக்குள் அதை நுழையவிடாமல் தடுத்தார்கள். 1910இல் அது நின்றது.

பாலஸ்தீனக் கேலிச்சித்திரக்காரர் நாஜி அல்-அலியையும் பாருங்கள். பத்து வயதளவில் ஊரிலிருந்து துரத்தப்பட்டு, லெபனான் அகதி முகாமில் வளர்ந்தவர். முகாம் வாழ்க்கை என்னவென்று இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர் படைத்த ஹந்தாலா என்ற சிறுவனும் பத்து வயதுக்காரன். வெறுங்காலோடு, கைகளைப் பின்னால் கட்டி, நமக்கு முதுகைக் காட்டி நிற்பான். 1987இல் லண்டன் தெருவில் அல்-அலியைச் சுட்டார்கள். அவர் கையில் இருந்ததெல்லாம் பேனை.

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா, முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேலிச்சித்திரம் ஆதிக்கத்துக்கு அலங்காரம்தான் என்றால், பாரதியின் பத்திரிகையை அத்தனை பெரிய சாம்ராஜ்யம் எல்லையில் நின்று மறித்தது ஏன்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.