அழ ஓர் இடம் வேண்டும்

(காவேரிப்பட்டணத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் மனநல மருத்துவர் அவர்களே, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களே, எந்தக் கூட்டமானாலும் முன்வரிசைக்கு வந்துவிடும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, மாங்கூழ் ஆலையில் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மாவுக்கும், மைக் செட் கொடுத்து உதவிய தம்பிக்கும், நாற்காலி சுமந்த மாணவர்களுக்கும் என் நன்றி.

"மாறும் காலத்தில் மனநலம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தருமபுரியிலிருந்து நம் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரியில். ஓசூர் மாநகராட்சியானது 2019-இல். இதற்குள் எத்தனை மாந்தோப்புகள் மனைகளாகிவிட்டன! பிள்ளைகள் பெங்களூரில், பெண் பிள்ளைகள் கம்பெனி விடுதியில், வீட்டில் இரண்டு கிழவர்கள். நல்ல மாற்றமும் மனசை அசைக்கும். புது வேலை, புது வீடு, கல்யாணம் எல்லாமே அப்படித்தான். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: தூக்கம், குடி, பேச்சு. முதல் இரண்டையும் டாக்டர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் மூன்றாவதற்கு வருகிறேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நம் ஆண்களுக்கு இந்தப் பழமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர். நான்கு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருந்தவர். பெரியம்மா காலமானார். மகன் தோப்பை விற்று, அப்பாவை ஓசூரில் நான்காவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல பிள்ளை; குறை சொல்ல முடியாது. மருமகள் மணி தவறாமல் சோறு போடும். பெரியப்பா பால்கனியில் உட்கார்ந்து நெடுஞ்சாலை லாரிகளைப் பார்ப்பார். பேச்சே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, தோப்புக்குத் தண்ணீர் விடப் போவதுபோல் கதவருகே நிற்பாராம். "என்னப்பா?" என்றால், "ஒன்னுமில்லப்பா, நீ படு" என்பார்.

சித்திரையில் ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள், அதாவது மகாபாரதக் கதை சொல்லி ஆடும் திருவிழா. பகலில் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. கடைசி நாள் படுகளம், துரியோதனன் போர்க்களத்தில் விழும் காட்சி. உங்களுக்குத் தெரியும், மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்கப் படுத்திருப்பான். வீமன் வேஷக்காரர் தொடையை அடித்துப் பிளக்கிறார். பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். பெரியப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். திடீரென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவின் சாவுக்கு அழாத மனிதர், பெரியம்மா பேரைச் சொல்லி அழுதார். யாரும் தடுக்கவில்லை, யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அந்த இடத்தில் எல்லாருமே அழுதுகொண்டுதானே இருந்தார்கள்! பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி அவர் முதுகைத் தடவிக்கொண்டே தன் ஒப்பாரியைத் தொடர்ந்தது. மறுநாள் காலையில் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் மகனிடம், "எனக்குத் தூக்கமே வரலடா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார். போனார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள், ஆலோசனையும் சொன்னார்கள். இப்போது இரவில் தூங்குகிறார்.

கூத்து பார்த்தால் மனநோய் தீரும் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பது மருத்துவம்தான். ஆனால் அவர் வாயைத் திறக்க வைத்தது அந்தப் படுகளம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், சரி. அழ ஓர் இடம் வேண்டாமா? நான்காவது மாடியில் எங்கே அழுவது?

வாய் திறந்தவருக்கு உதவி இருக்கிறது. டெலி மனாஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. மனநல சிகிச்சை பெறுவதை உரிமை என்றே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பைத்தியம் என்பார்களோ என்று ஒளிந்துகொண்டு போக வேண்டிய காரியமில்லை இது.

ஆனால் அந்த வாயைத் திறக்க வைக்கும் இடங்களை நாம் ஒவ்வொன்றாக இழக்கிறோம். பல ஊர்களில் பாரதம் நின்றுவிட்டது. வைக்கும் ஊர்களிலும் பதினெட்டு நாள் கூத்து சுருங்கி, இரண்டு மூன்று ராத்திரியில் முடிகிறது. வேஷம் கட்டும் கலைஞர்கள் மற்ற மாதங்களில் கட்டட வேலைக்குப் போகிறார்கள். விடிய விடிய அடவு பிடித்து ஆடிய கால்கள் அவை! ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மூத்த கலைஞர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் கைதட்டல் வேண்டும். (பலத்த கரவொலி)

அரசிடமும் ஊராட்சிகளிடமும் கேட்போம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்! ஊருக்கு ஒரு கூத்து மேடை வேண்டும். கூத்து நடக்கும் நாட்களில் இரவுப் பேருந்து வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மனநல ஆலோசகர் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். மருத்துவர் அவர்கள் அதற்கு ஒத்துழைக்கிறேன் என்று சற்று முன் என்னிடம் சொன்னார்கள். அவருக்கு உங்கள் சார்பில் நன்றி.

கோரிக்கை மனு வாசலில் நூலகர் அம்மாவிடம் இருக்கிறது. போகும்போது ஊர்ப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் ஊரில் கடைசியாக எந்த ஆண்டு பாரதம் நடந்தது என்று எழுத அதில் தனிக் கட்டம் உண்டு. தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். வணக்கம்.