பெரியவர்களுக்கு வாயில் எச்சில் வழிவது ஏன்?

(திரையில்: உறை நனைந்த தலையணை)

மூக்கடைப்போடு, வாயைத் திறந்தபடி ஒருக்களித்துத் தூங்கினால் யாருக்கும் எச்சில் வழியும். அது நோயல்ல. விழித்திருக்கும்போதே உதட்டோரம் வழிகிறது, கைக்குட்டையைக் கீழே வைக்க முடியவில்லை என்றால்தான் காரணம் தேட வேண்டும்.

(திரையில்: கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள்)

ஒரு நாளில் நமக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அத்தனையையும் நம்மை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். எச்சில் ஒழுகும் பெரியவர்கள் பலருக்குச் சுரப்பு கூடியிருப்பதில்லை, விழுங்குவதுதான் குறைந்திருக்கிறது.

பார்க்கின்சன் நோயில் நடப்பது இதுதான். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்தபோதே எச்சில் ஒழுகுவதையும் எழுதியிருக்கிறார். கை நடுங்குவது ஊருக்கே தெரிகிறது. விழுங்குவது மந்தமாவதை யாரும் கவனிப்பதில்லை. தலை குனிந்து, உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தால் ஒழுக்கு இன்னும் கூடும். “வயதாகிவிட்டது” என்று சொல்லித் துண்டை நீட்டிவிட்டு நகர்ந்துவிடும் வீடுகள்தான் அதிகம். தேங்கும் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மருந்தும் காரணமாகலாம். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் இரவில் தலையணையை நனைத்துவிடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்செரிச்சலிலும் மசக்கையிலும் வாய் ஊறுவது தனிக்கதை.

(திரையில்: ஒரு பக்கம் கோணிய வாய்)

காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. திடீரென வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். பூச்சிமருந்து தெளித்தவருக்கு எச்சில், வியர்வை, கண்ணீர் மூன்றும் பெருகி, கண்ணின் பாவை குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கினால் நஞ்சு உடலில் ஏறியிருக்கிறது. காய்ச்சலும் தொண்டை வலியுமாக, தன் எச்சிலையே விழுங்க முடியாதவருக்குத் தொண்டை வீங்கி மூச்சடைக்கலாம். எதுவானாலும் இந்தியாவில் 108-ஐ அழையுங்கள்.

(திரையில்: சுரப்பியில் ஊசி போடும் வரைபடம்)

நாள்பட்ட ஒழுக்கிற்குச் சிகிச்சை இருக்கிறது. விழுங்கும் பயிற்சி முதல் படி. கிளைக்கோபைரோலேட் மாத்திரை சுரப்பைக் குறைக்கும். ஆனால் மலச்சிக்கல் வரும், சிலருக்குச் சிறுநீர் கழிக்கவும் சிரமமாகும். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே போட்டுலினம் ஊசியைச் சுரப்பிகளிலும் போடுகிறார்கள். பலன் சில மாதங்கள் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும்.