பால் இல்லாம தயிர் சாதம்: வேர்க்கடலைத் தயிர், மிஞ்சுற சக்கையில வடை

வணக்கம். இன்னைக்கு ஒரு சொட்டு பால் கூட இல்லாம தயிர் சாதம். தேங்காய்ப்பால்லயும் தயிர் தோயும், ஆனா அதுல கொழுப்புதான் ஜாஸ்தி, புரதம் கம்மி. மேல கட்டியா மிதக்கும், கீழ தண்ணி நிக்கும். சோயாப்பால் நல்லாத் தோயும், பச்சை வாடைதான் சாதத்துல தூக்கலாத் தெரியும். வேர்க்கடலையில 100 கிராமுக்கு 25 கிராம் கிட்ட புரதம் இருக்கு. புளிப்பு ஏற ஏற அந்தப் புரதம் ஒண்ணு சேர்ந்துதான் தயிர் இறுகுது. அதனால நம்ம ஓட்டு கடலைக்குத்தான்.

200 கிராம் பச்சை வேர்க்கடலை. வறுத்தது வேண்டாம், தயிர்ல வறுத்த வாசனை வந்துரும். முதல்ல தட்டுல கொட்டி பொறுக்குங்க. சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடிச்சது எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. பூசணத்துல வர்ற அஃப்ளாடாக்சின் நம்ம கொதிக்க வைக்கிற சூட்டுக்கெல்லாம் போகாது. 8 மணி நேரம் ஊறினதும், கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்துக் கசக்கினா தோல் கழண்டு வரும். தோலோட அரைச்சா நிறம் மங்கும், லேசா துவர்க்கும்.

மொத்தத் தண்ணி 700 மில்லி. முதல்ல 200 மட்டும் ஊத்தி வெண்ணெய் மாதிரி அரைச்சுட்டு, அப்புறம் மிச்சத்த ஊத்தி ஒரு சுத்து. எடுத்ததுமே எல்லாத் தண்ணியையும் ஊத்தினா பருப்பு பிளேடுக்கு சிக்காம சுத்திக்கிட்டே இருக்கும், பால் நீர்த்துப் போகும். வேட்டித் துணியில வடிகட்டி இறுக்கிப் பிழியுங்க. சக்கையை ஃப்ரிட்ஜுல வைங்க, அதுக்கு வேலை இருக்கு.

இப்ப காய்ச்சணும். அடிகனமான பாத்திரம், மிதமான தீ, கரண்டி கையை விட்டு இறங்கக் கூடாது. இங்க பாருங்க, ஓரத்துல சின்னச் சின்னதா நுரை கட்டுது. இது பசும்பால விட வேகமாப் பொங்கும், அடியும் பிடிக்கும். பொங்கினதும் தீயைக் குறைச்சு இன்னும் 8 நிமிஷம் காய்ச்சுங்க. ஒரு கொதியோட இறக்கினா பச்சை வாடை தயிர் வரைக்கும் வரும். இறக்கி ஒரு ஸ்பூன் சர்க்கரை. இனிப்புக்கு இல்லைங்க. பால்ல இருக்கிற லாக்டோஸ் இதுல கிடையாது, தயிர் பாக்டீரியாவுக்குத் தீனி வேணும்ல. கால் டம்ளர் பாலை உறை ஊத்தாம தனியா எடுத்து வைங்க.

உறைக்கு என்ன பண்றது? பச்சை மிளகாய்க் காம்பு. தலைக் குல்லாவோட 10 காம்பு, லேசா அலசினது போதும். கொஞ்சம் பாலைத் தனிக் கிண்ணத்துல எடுத்து, வெதுவெதுன்னு இருக்கும்போது, அதாவது 40 டிகிரி கிட்ட, காம்பைப் போட்டு மூடுங்க. விரலை விட்டா சுடாம கதகதன்னு இருக்கணும். 10, 12 மணி நேரம் ஆகும். வர்றது தளதளன்னு இருக்கும், மிளகாய் வாசனையும் அடிக்கும். அதைச் சாப்பிட வேண்டாம், அது உறைக்கு மட்டும். மறுநாள் இதே மாதிரி புதுசாக் கடலைப்பால் காய்ச்சி, அதுல ரெண்டு ஸ்பூன் விட்டுத் தோய்ச்சா கிடைக்கிறதுதான் தயிர். சென்னை வெயில்ல 6 மணி நேரம் போதும். மார்கழிக் குளிர்ல ஹாட்பாக்ஸுக்குள்ள வைங்க.

தோயலைன்னா ஒண்ணு பால் ஆறிப்போயிருக்கும், இல்ல சூட்டுல உறை செத்திருக்கும். கீழ தண்ணி பிரிஞ்சு நின்னா நேரம் கடந்துருச்சுன்னு அர்த்தம். வடிச்சுட்டு மோருக்கு வச்சுக்கலாம். இளஞ்சிவப்பா, கறுப்பா புள்ளி தெரிஞ்சா மட்டும் யோசிக்காம கொட்டிருங்க. தோய்ஞ்சதும் ஃப்ரிட்ஜுல 3 மணி நேரம் வைங்க, அப்பதான் இறுகும். ஸ்பூனால வெட்டிக் காட்டறேன். பாருங்க, ஓரம் நிக்குது, ஆனா பால் தயிர் அளவுக்கு விறைப்பு இல்ல. அவ்வளவுதான் வரும்.

சாதத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நாலு டம்ளர் தண்ணி, குக்கர்ல 5 விசில். சூட்டோட மத்தால மசிச்சுருங்க, ஆறினா பருக்கை மசியாது. ஆனா தயிர் சேர்க்கிறது நல்லா ஆறினப்புறம்தான். சூட்டுல இந்தத் தயிர் திரிஞ்சு மணல் மணலா ஆயிரும். எடுத்து வச்ச கால் டம்ளர் பாலையும் இப்ப ஊத்துங்க, மதியத்துக்குக் கட்டிக் கொடுத்தாலும் சீக்கிரம் புளிக்காது. உப்பு கடைசியா. நல்லெண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். தாளிப்பும் ஆறணும். கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதா இருக்கும், கோதுமை ஆகாதவங்க லேபிளைப் பாருங்க.

ஒண்ணு சொல்லிடறேன். பால் தயிர்ல இருக்கிற கால்சியம் இதுல இல்ல, பி12 கிடையவே கிடையாது. கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள்ளு இருக்கு. பால், முட்டை, மீன், கறி எதுவுமே இல்லாம இருக்கிறவங்க பி12 மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. கடலை அலர்ஜி உள்ளவங்க இந்தப் பக்கமே வராதீங்க.

சக்கைக்கு வருவோம். ஒரு கப் சக்கை, அரை கப் கடலைப்பருப்பு. பருப்பை 2 மணி நேரம் ஊற வச்சு, தண்ணிய சுத்தமா வடிச்சு, கொரகொரன்னு அரைங்க. சக்கை மட்டும் போட்டா எண்ணெயில உதிர்ந்துரும், பிடிச்சு வைக்கிற சத்தெல்லாம் பாலோட போயிருச்சே. சின்ன வெங்காயம், சோம்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டுப் பிசைங்க. உப்பு மட்டும் தட்டறதுக்கு முன்னாடி. முன்னாலயே போட்டா வெங்காயம் தண்ணி விட்டு மாவு இளகிரும். அப்படி இளகினா பொட்டுக்கடலை மாவு ரெண்டு ஸ்பூன். அரிசி மாவு வேண்டாம், வடை விறைச்சுரும்.

மெல்லிசாத் தட்டி தோசைக்கல்லுல போட்டு, சுத்தி எண்ணெய் விட்டு சின்னத் தீயில பக்கத்துக்கு 5 நிமிஷம். அவசரப்பட்டுத் திருப்பினா ரெண்டா உடையும். அடி செவந்து, தோசைத் திருப்பியால தள்ளினா தானா நகரும், அப்ப திருப்புங்க. இந்தச் சக்கை வேகாத கடலை, உள்ள வெந்துருக்கணும். முதல் வடையைப் பிச்சுப் பார்த்துட்டு மிச்சத்தைப் போடுங்க. இன்னைக்கே செய்ய முடியலைன்னா சக்கை ஃப்ரிட்ஜுல ஒரு நாள்தான் தாங்கும், அப்புறம் ஊசிடும். ஃப்ரீசர்ல போட்டு வச்சுக்கங்க.