வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, காலை ஓபி முடிந்த கையோடு சாப்பிடாமல் வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைக் கொடுத்து, வந்தவர்களுக்கு மோரும் கொடுத்த உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மூத்தவர்களே, வணக்கம்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.' நான் ஏறும் மேடையெல்லாம் சொல்லும் பழமொழி இது. மறதி நோய் போலவே வரும் தொற்றுகள் எவை, அவற்றை எப்படி அடையாளம் காண்பது, அரசிடம் நம் கோரிக்கை என்ன என்று இன்று மூன்று விஷயம் பேசுகிறேன்.

அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பாட்டி. ஆடு மேய்ப்பவர். ஊர்ச் சீட்டுக் கணக்கு முழுக்க மனதிலேயே வைத்திருப்பவர். ஒரு கார்த்திகை மாதம், நாலைந்து நாளுக்குள் ஆள் மாறிப்போனார். மகனைச் செத்துப்போன புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடுராத்திரியில் கதவைத் திறந்து 'சந்தைக்கு நேரமாச்சு' என்றார். உடம்பு லேசாகச் சுட்டது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'வயசாயிடுச்சு' என்றார் மகன். காத்து கருப்பு என்று பக்கத்து வீட்டில் சொல்ல, மந்திரிக்கவும் ஆள் வந்தாயிற்று. மருமகள்தான் குளிப்பாட்டும்போது பார்த்தார்: இடுப்பில் புடவை கட்டும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு. பீடி நெருப்பு பட்டிருக்கும் என்றார்கள். 'அத்தை பீடியே புடிக்காதே!' என்று அந்தப் பெண் ஒரே பிடியாக நின்று, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பொருக்கைப் பார்த்ததும் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகித்து, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பாட்டி கண்ணைத் திறந்து மகனைக் கேட்டார்: 'இன்னாடா, ஆட்ட ஓட்டிக்கினு போனியா இல்லியா? சீட்டுப் பணம் வந்துச்சா?'

கைதட்டுங்கள், அந்த மருமகளுக்காக! தீர விசாரித்தவர் அவர்தான்.

ஸ்க்ரப் டைபஸ் என்கிற இந்தக் காய்ச்சல், புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. மழைக்குப் பின் குளிர் மாதங்களில் நம் பக்கம் அதிகம். முற்றினால் மூளை வரை போகும். கடுமையாக முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று 2023-ல் உலகத்துக்குச் சொன்ன ஆய்வை முன்னின்று நடத்தியது நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனை.

சிறுநீர்த் தொற்று, நிமோனியா இரண்டும் இப்படித்தான். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் புத்தித் தடுமாற்றம் முதலில் வரலாம். காசநோய் மூளைக்காய்ச்சலும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் வாரக்கணக்கில் மெல்ல வரும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியைப் புத்தி கலங்கி இறந்தவர்களின் மூளையிலேயே 1913-ல் கண்டார்கள். அதற்குப் பென்சிலின் இருக்கிறது. புத்தியைத் தடுமாற வைக்கக்கூடிய இன்னொரு கிருமியான எச்ஐவி இந்தியாவில் முதன்முதலில் தெரியவந்ததும் 1986-ல் சென்னையில் எடுத்த ரத்தத்தை வேலூரில் சோதித்தபோதுதான். பெரியவருக்கு இந்த டெஸ்ட் எல்லாமா என்று வெட்கப்படாதீர்கள்.

அடையாளம் என்று கேட்டால், மறதி நோய் மாதம், வருடம் என்று வளரும். நாள்கணக்கில் வந்த குழப்பம், காலையில் தெளிந்து மாலையில் கலங்கும் குழப்பம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே மறதி உள்ளவருக்கும் இது வரும். மருந்துக்கடையில் நீங்களே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரில் கிருமி தெரிந்தால் அதுதான் காரணம் என்றும் முடிவு கட்டக்கூடாது. அங்கேயும் தீர விசாரிப்பதே மெய்.

இப்போது நம் கோரிக்கைக்கு வருகிறேன். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலம் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அரசுக்கு நன்றி. மாத்திரை கொண்டுவரும் சகோதரி வாசலில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: 'இந்த மாசம் பெரியவங்க பேச்சு, நடத்தை திடீர்னு மாறிச்சா?' ஆமாம் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். அங்கே கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள் இருப்பதுபோல, முதியோருக்கு வாரம் ஒரு நாள் வேண்டும். தலை முதல் கால் வரை உடம்பைப் பார்க்க வேண்டும், ரத்தமும் சிறுநீரும் அங்கேயே சோதிக்க வேண்டும். வட்டார மருத்துவ அலுவலர் அய்யா இதை மேலே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மனு வாசலில் மோர்ப் பந்தல் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர்கள் கைநாட்டு வைக்க மை டப்பாவும் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் முன் போட்டுவிட்டுப் போங்கள்.