ராணுவ ரைபிளுக்குச் சின்னத் தோட்டா, வேட்டை ரைபிளுக்குப் பெரிய தோட்டாவா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ராணுவத் துப்பாக்கிதான் பலமானது என்று நினைத்திருந்தேன். மான் வேட்டைக்குப் போகிறவர் அதைவிடப் பெரிய தோட்டா வைத்திருக்கிறாரே, எப்படி?”

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். அமெரிக்க ராணுவத்தின் எம்-16 ரைபிள் வந்த காலத்தில் அதன் 5.56 மி.மீ. குண்டின், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதியின், எடை வெறும் 3.6 கிராம். குழலை விட்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். வேட்டைக்காரர்களுக்குப் பிடித்தமான பாயிண்ட் 30-06 தோட்டாவில் அது 3,500 ஜூலைத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், அதுவும் 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த தோட்டாதான்.

அப்புறம் ஏன் ராணுவம் சின்னதுக்குப் போனது? சுமை. குண்டு, வெடிமருந்து, கூடு எல்லாம் சேர்ந்த 5.56 தோட்டா ஒன்று 12 கிராம், நேட்டோ ராணுவக் கூட்டணியின் பெரிய 7.62 மி.மீ. தோட்டா ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. சிப்பாய் 210 தோட்டாக்களைச் சுமக்கிறார் என்று வையுங்கள். இரண்டரைக் கிலோவா, ஐந்து கிலோவா? தோளில் உதைப்பதும் குறைவு, அதனால் தொடர்ந்து சுடும்போது குறி தப்புவதும் குறைவு. வேட்டைக்காரருக்குப் பையில் பத்துத் தோட்டா இருந்தால் அதிகம்.

வேட்டைக்காரருக்கு ஆறிக் கிடக்கும் குழலிலிருந்து போகும் முதல் குண்டு சரியாகப் படவேண்டும். அதனால் மெல்லிய குழல், இலேசாக அழுத்தினாலே இயங்கும் விசை, மேலே ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி. நாலைந்து முறை அடுத்தடுத்துச் சுட்டால் அந்த மெல்லிய குழல் சூடேறி, குண்டு படும் இடம் நகர ஆரம்பிக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. சிப்பாய்க்கோ சேற்றிலும் மணலிலும் விழுந்து எழுந்த பிறகும் சுட்டாக வேண்டும். அதனால்தான் பல ராணுவ ரைபிள்களில் குழலின் உட்புறம் குரோமியம் பூசுகிறார்கள். கை சுடாமல் இருக்கக் குழலுக்கு உறையும் போடுகிறார்கள். ஏ.கே-47 ரைபிளின் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, ஏன் வளைந்திருக்கிறது தெரியுமா? அதன் தோட்டாக் கூடு அடியில் அகலம், நுனியில் குறுகல். சிக்காமல் உள்ளே போய், சுட்டபின் சிக்காமல் வெளியே வர அது உதவுகிறது. அப்படிப்பட்டவற்றை அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது 1898-இன் ஜெர்மன் ராணுவ ரைபிளான மௌசர். போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் இன்றைய வேட்டை ரைபிள்கள் பலவற்றுக்கும் அதுதான் தாத்தா. அதை வேட்டைக்கு மாற்றியவர்கள் பட்ட பாடு பெரிது. போல்ட்டின் கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தூக்கினால் ஸ்கோப்பில் இடிக்கும். பாதுகாப்புப் பூட்டும் போல்ட்டின் பின்முனையில் மேல்நோக்கித் திரும்பும், அதுவும் இடிக்கும். ஆகவே கைப்பிடியைக் கீழே வளைத்தார்கள், பூட்டையும் மாற்றினார்கள்.

குண்டின் முனையும் வேறு. உடலுக்குள் எளிதில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899-இல் ஹேக் நகரில் நாடுகள் அறிவித்தன. கல்கத்தா அருகே தம்தம் ஆயுதச் சாலையில் தயாரான, அப்படி விரியும் ‘தம்தம்’ குண்டு அப்போது பெரிய சர்ச்சை. எனவே ராணுவக் குண்டை உலோக உறை முன்பக்கம் முழுக்க மூடியிருக்கும். வேட்டையில் நேர்மாறு: காயத்தோடு ஓடி மறைந்து விலங்கு துடிக்கக் கூடாது என்று, விரியும் குண்டையே தேர்ந்தெடுக்கிறார்கள்.