எச்சரிக்கை அறிய வேண்டிய சூழல்

வணக்கம் நேயர்களே.

பயனரின் இடத்தையும் நிலைமையையும் தானே அறிந்து அதற்கேற்ப இயங்கும் தொழில்நுட்பத்தைச் சூழல் உணர் கணிமை என்கிறோம். 1994ஆம் ஆண்டு பில் ஷிலிட், நோர்மன் அடம்ஸ், ரோய் வான்ட் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒரு சாதனம் அறிய வேண்டியவற்றுள் மூன்றை முதன்மையாகச் சொன்னது: நாம் எங்கே இருக்கிறோம், யாருடன் இருக்கிறோம், அருகில் என்னென்ன வசதிகள் உள்ளன. இன்றைய கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. இலங்கையின் மலையகத்தைப் பொறுத்தவரை இது உயிரோடு தொடர்புடைய குறை என்பதே என் கருத்து.

முதற் கேள்விக்கு விடை காண்பதுகூட நம் மலைகளில் எளிதன்று. ஆழமான பள்ளத்தாக்குகளில் செய்மதிச் சமிக்ஞைகளை மலைகள் மறைக்கின்றன. அதைவிட முக்கியமானது மழை. தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட் பக்கம் நாட்கணக்கில் மழையைக் கொட்டும்போது, முகட்டுக்கு அப்பால் ஊவாவில் வறண்ட காற்று வீசுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். எனவே, மழையின் அளவைக் கொண்டு மண்சரிவை எச்சரிக்கும் எந்த முறைமையும், நேர்கோட்டுத் தூரத்தில் மிக அருகிலுள்ள மழைமானியை நம்பிவிடாமல், அந்த மானி முகட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

அடுத்து, யாருடன் என்ற இரண்டாவது கேள்வி. ஒரு கைத்தொலைபேசிக்கு ஒரே பயனர் என்று மென்பொருள் எண்ணிக்கொள்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில், ஒரு லயன் அறையில் ஒரு தொலைபேசியைக் குடும்பமே பயன்படுத்துவதுண்டு. தாய் அதை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கும் வேளையில், குழந்தை, தோட்டத்தின் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்திலும் முதியவர்கள் லயத்திலும் இருப்பார்கள். ஆபத்து லயத்துக்கு என்றால், அவள் நிற்கும் இடத்தை மட்டும் அறிந்த சாதனம் அவளிடம் ஒன்றுமே சொல்லாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதையுண்டன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே குறைவாக இருந்தது தகவல் அன்று. குடும்பங்கள் குடியேறிச் செல்வதற்குப் பாதுகாப்பான காணியும் வீடும்தான். மூன்றாவது கேள்வியின் கனம் இங்கேதான் இருக்கிறது. "வெளியேறுங்கள்" என்ற செய்தி, எந்தக் குறுக்குப்பாதை இன்னும் திறந்திருக்கிறது, எந்தப் பாடசாலையில் தங்கலாம் என்பதையும் தமிழில் சொல்ல வேண்டும். அந்தப் பாதைகள் பலவும் வரைபடங்களில் இல்லை. அவற்றை அன்றாடம் நடக்கும் தோட்ட மக்களிடம் கேட்டுப் பதிவுசெய்யும் வேலையை, அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.